பண்டத்தரிப்பு வைத்தியரும் அவர் குடும்பமும்

எமது பழைய மாணவிகள் சங்கம் நூறு ஆண்டுகளை நிறைவுசெய்யும் இவ்வேளையில், வைத்தியத் துறையில் இருக்கும் பழைய மாணவிகளிடமிருந்து மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என மலர்க்குழு கேட்டது. யாழ்ப்பாணத்தின் வைத்திய வரலாறு என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருபவர் மானிப்பாயில் தமிழிலே மேலைவைத்தியம் கற்பித்த கிறீன் வைத்தியர். அவரைப் பற்றி நிறையவே எழுதியாயிற்று. கிறீன் 1847இல் வந்தார். அதற்கு 27 ஆண்டுகளுக்கு முன்னரே பண்டத்தரிப்பில் வைத்தியம் செய்த ஜோன் ஸ்கடரை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. அவர் வைத்தியர், பிரசங்கியார், ஆழ்ந்த விசுவாசமுள்ள கிறிஸ்தவர், பெரியதொரு குடும்பத்தின் தகப்பன். அவர் வாழ்வில் தொழிலும் குடும்பமும் விசுவாசமும் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன. அந்தப் பிணைப்புக்கு அவர் வீட்டார் கொடுத்த விலையையும், அதிலிருந்து எமக்குக் கிடைத்த பயனையும் சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நியூயோர்க்கிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு

ஜோன் ஸ்கடர் 1793ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் ஒரு சட்டத்தரணியின் மகனாகப் பிறந்தார். பிரின்ஸ்ரன் கல்லூரியில் 1811இல் பட்டம் பெற்றபின் இறையியல் கற்க விரும்பினார். தகப்பனார் அதற்கு இணங்கவில்லை. ஆகவே நியூயோர்க்கில் வைத்தியம் படித்து, அந்நகரிலேயே தொழிலைத் தொடங்கினார். தொழில் நன்றாக வளர்ந்தது. ஹரியற் வாட்டர்பரி என்ற பெண்ணை மணந்தார். ஒரு பெண்குழந்தையும் பிறந்தது.

ஒருநாள் நோயாளி ஒருவரின் வீட்டில் காத்திருந்தபோது, அங்கே கிடந்த சிறு பிரசுரம் ஒன்றை எடுத்து வாசித்தார். கோர்டன் ஹோல், சாமுவேல் நியூவெல் என்ற இரு மிஷனரிமார் 1818இல் வெளியிட்ட அப்பிரசுரம், உலகின் கோடிக்கணக்கான மக்களுக்கு நற்செய்தி சொல்லும் கடமை திருச்சபைக்கு உண்டு என வாதிட்டது. வாசித்தவர் முடிவெடுத்தார். 1819 ஜூனில், மனைவியோடும் குழந்தையோடும் பொஸ்ரன் துறைமுகத்தில் 'இண்டஸ்' என்ற கப்பலில் ஏறினார்.

கப்பல் கல்கத்தாவை அடைந்தது. அங்கே அந்தக் குழந்தை இறந்தது. வைத்தியராயிருந்தும் தகப்பனால் காப்பாற்ற முடியவில்லை. இவ்வளவுக்கும் அவர்கள் இன்னும் யாழ்ப்பாண மண்ணை மிதிக்கவேயில்லை. இங்கு வந்தபின் பிறந்த குழந்தையும் நிலைக்கவில்லை. பிள்ளை இழந்த தாய்மாரை எமது தொழிலில் நாம் அடிக்கடி சந்திக்கிறோம். ஒரு வருடத்துக்குள் இரண்டு பிள்ளைகளை அந்நிய மண்ணில் புதைத்த ஓர் இளம் பெண்ணின் நிலையை எமக்கு ஊகிக்க முடிகிறது. ஆனால் வரலாற்று நூல்களில் இது ஒரு வசனத்தோடு முடிந்துவிடுகிறது.

பதின்மூன்று ஆண்டுகள், ஒரு வைத்தியர்

அமெரிக்க மிஷன் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் 1816இல் பணியைத் தொடங்கியிருந்தது. ஸ்கடர் குடும்பத்தினர் 1820இல் பண்டத்தரிப்பில் குடியேறினர். அதே ஆண்டில் அவர் குருவாகவும் அபிஷேகம் பெற்றார். காலையில் நோயாளரைப் பார்ப்பதும், ஊர் ஊராகச் சென்று பிரசங்கிப்பதும், பாடசாலைகளை மேற்பார்வை செய்வதும் என அவர் வேலை விரிந்தது.

வைத்தியமே இல்லாத ஊருக்கு அவர் வந்தார் என்று நினைக்கக் கூடாது. பரராசசேகரம், செகராசசேகரம் போன்ற வைத்திய நூல்களை உடைய மண் இது. பரம்பரை வைத்தியர்கள் இருந்தார்கள். பிள்ளைப்பேறு பார்க்க மருத்துவிச்சிமார் இருந்தார்கள். அம்மைப்பால் குத்தும் முறையும் 1802இலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. ஸ்கடர் கொண்டுவந்தவற்றுள் முக்கியமானது சத்திரசிகிச்சை.

அன்றைய மேலைவைத்தியத்தின் நிலையையும் நாம் மறக்கக் கூடாது. பிரான்சில் லெனெக் ஸ்ரெதஸ்கோப் பற்றிய தமது நூலை வெளியிட்டது 1819இல். அதாவது ஸ்கடர் கப்பலேறிய அதே ஆண்டு. குயினைன் பிரித்தெடுக்கப்பட்டது 1820இல். ஈதர் கொடுத்து மயக்கிச் சத்திரசிகிச்சை செய்யும் முறை பகிரங்கமாக நிரூபிக்கப்பட்டது 1846இல். நோய்க்கிருமிகள் பற்றிய அறிவு அதற்கும் பிந்தியது. எனவே பண்டத்தரிப்பில் கட்டி அறுத்தாலும் கை கால் துணித்தாலும் நோயாளி முழு விழிப்போடுதான் படுத்திருக்க வேண்டும். வங்காளத்தில் 1817இல் கிளம்பிய வாந்திபேதி இலங்கைக்கும் பரவியிருந்த காலம் அது. நாளத்தால் சேலைன் ஏற்றும் வசதி எதுவும் இல்லை. ஒரு வைத்தியர் செய்யக்கூடியது மிகக் குறைவு. அந்தக் குறைவோடு அவர் நோயாளியின் பக்கத்தில் நின்றார்.

உதவிக்கு இன்னொரு வைத்தியரும் வரவில்லை. இதற்கு ஒரு காரணம் உண்டு. 1820இல் அச்சுவேலைக்கென கரட் என்ற அமெரிக்கர் யாழ்ப்பாணம் வந்தபோது, எட்வேர்ட் பார்ன்ஸின் பிரித்தானிய நிர்வாகம் அவரைத் தங்க விடவில்லை. இனிமேல் அமெரிக்க மிஷனரிமார் எவரும் புதிதாக வரக்கூடாது என்றும் தடைவிதித்தது. அத்தடை நீங்கி, நேதன் வோர்ட் என்ற வைத்தியர் வட்டுக்கோட்டைக்கு வந்தது 1833இல். இடைப்பட்ட 13 ஆண்டுகளும் மிஷனுக்கு இருந்த ஒரே வைத்தியர் ஸ்கடர்தான். லீவு எடுக்க மாற்று வைத்தியர் இல்லாத பிரதேச வைத்தியசாலைகளில் கடமையாற்றிய எம்மவர்களுக்கு இதன் பொருள் நன்றாகவே விளங்கும்.

இரண்டு ஹரியற்றுகள்

'இண்டஸ்' கப்பலில் ஹரியற் என்ற பெயருடைய பெண்கள் இருவர் வந்தார்கள். ஒருவர் ஹரியற் ஸ்கடர். மற்றவர் ஹரியற் வின்ஸ்லோ. பின்னாளில் தமிழ் – ஆங்கில அகராதியால் (1862) பெயர்பெற்ற மிரன் வின்ஸ்லோவின் மனைவி அவர். ஹரியற் வின்ஸ்லோ 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலத்தில், சாப்பாடும் உடுப்பும் கொடுத்துப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டியிருந்தது. அவர் 1833இல் உடுவிலிலேயே காலமானார். வலிகாமத்தில் படித்த பெண்கள் எல்லோருக்கும், எந்தப் பாடசாலையில் படித்திருந்தாலும், எந்தச் சமயத்தைச் சேர்ந்தவர்களாயிருந்தாலும், அவர் திறந்த வழியில் ஒரு பங்கு உண்டு.

ஹரியற் ஸ்கடர் பெயரில் பாடசாலை எதுவும் இல்லை. அவர் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தார், நிலையத்தை நடத்தினார், கணவர் வாரக்கணக்கில் பயணம் போனபோது வீட்டையும் வேலையையும் சேர்த்துச் சுமந்தார். ஒவ்வொரு பிள்ளையின் பிறந்தநாளையும் அந்தப் பிள்ளைக்கான செப நாளாக அவர் வைத்திருந்தார் என்று மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. பிள்ளைகள் பலருள் ஏழு ஆண்மக்கள் வளர்ந்து, இந்தியாவில் மிஷனரிமாராகப் பணிசெய்தனர். அவர்களில் சிலர் வைத்தியர்கள். பெண்மக்கள் இருவரும் இந்தியாவில் பணிக்குத் துணைநின்றனர். நூல்கள் இந்தப் பெருமையைத் தகப்பனாரின் பெயரிலேயே எழுதுகின்றன. அந்தக் கணக்கில் பாதியாவது தாயின் பெயரில் இருக்க வேண்டும் என்பது எமது எண்ணம்.

பண்டத்தரிப்பிலிருந்து இக்குடும்பம் பின்னர் சாவகச்சேரிக்கு மாறியது. கடைசி மகனான இளைய ஜோன் 1835இல் அங்கேதான் பிறந்தார். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தென்மராட்சிக்கு நடந்தபோது, பாடசாலைச் சிறுமிகளாக அந்தக் கூட்டத்தில் நாமும் இருந்தோம். பண்டத்தரிப்பிலிருந்து சாவகச்சேரி எவ்வளவு தூரம் என்பதை எம் வயதினர் கால்களால் அறிவார்கள்.

பிள்ளைகளைப் பிரிதல்

1836இல் ஸ்கடர் குடும்பத்தினரும் வின்ஸ்லோவும் சென்னைக்குப் போய், அங்கே மிஷனையும் அச்சகத்தையும் நிறுவினர். அதற்கு முன்னரே மூத்த பிள்ளைகளைப் படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தனர். பண்டத்தரிப்பில் 1822இல் பிறந்த மூத்த மகன் ஹென்றி கப்பலேறியபோது அவருக்கு ஏறக்குறையப் பதினொரு வயது. பாய்க்கப்பலில் மாதக்கணக்கான பயணம். கடிதம் போய்ப் பதில் வர ஒரு வருடம் ஆகலாம். இன்னொரு மகன் அமெரிக்காவில் படித்துக்கொண்டிருக்கும்போதே இறந்துபோனார்.

இது சரியா என்று கேட்க எமக்கு உரிமை உண்டு. ஊரெல்லாம் பார்த்த வைத்தியருக்குச் சொந்தப் பிள்ளையின் காய்ச்சலுக்குப் பக்கத்தில் இருக்க முடியவில்லை. அன்றைய மிஷனரிமார் இதைக் கடவுளுக்குச் செய்யும் தியாகம் என்று ஏற்றார்கள். ஆனால் அந்தத் தியாகத்தைச் செய்யும்படி பிள்ளைகளை எவரும் கேட்கவில்லை. போர்க்காலத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளைக் கொழும்புக்கும் கனடாவுக்கும் இலண்டனுக்கும் உறவினர் வீடுகளுக்கு அனுப்பிய எமது தாய் தந்தையர் அதைக் காரணம் தெரிந்துதான் செய்தார்கள். அனுப்பப்பட்ட பிள்ளைகள் சிலர் எம் வகுப்பிலும் இருந்தார்கள். அவர்கள் பலர் நன்றாக வாழ்கிறார்கள். பிரிவின் வடு மட்டும் இருக்கிறது. ஸ்கடர் வீட்டிலும் அவ்வாறே இருந்திருக்கும்.

சொல்ல வேண்டிய இன்னொன்றும் உண்டு. 1842 முதல் 1846 வரை அமெரிக்காவில் தங்கியிருந்த காலத்தில் ஸ்கடர் ஊர் ஊராகச் சென்று சிறுவர்களிடம் பேசினார். அவர்களுக்கென நூல்களும் எழுதினார். அந்நூல்களில் இந்துக்களின் சமயத்தையும் வழக்கங்களையும் பற்றி அவர் எழுதிய விதம் கடுமையானது. பல இடங்களில் நியாயமற்றது. எம் சங்கத்தில் சைவரும் கிறிஸ்தவரும் ஒரே வாங்கிலில் இருந்து படித்தவர்கள். அந்தப் பக்கங்களை வாசிக்கும் எவருக்கும் மனம் நோகும். ஹென்றி ஸ்கடர் பண்டத்தரிப்பில் பிறந்த அதே 1822இல்தான் நல்லூரில் ஆறுமுக நாவலரும் பிறந்தார். அத்தகைய எழுத்துக்களுக்கு நாவலர் தமிழில் விடை சொன்னார். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பிள்ளைகளுக்கான பாடசாலையையும் தொடங்கினார். அந்தப் போட்டியால் யாழ்ப்பாணத்தில் பாடசாலைகள் பெருகின. ஸ்கடரின் உழைப்பை மதிப்பதும் அவருடைய அந்த எழுத்தை ஏற்காமல் விடுவதும் ஒன்றுக்கொன்று முரணல்ல.

ஹரியற் ஸ்கடர் 1849இல் சென்னையில் காலமானார். அதற்குப்பின் ஆறு ஆண்டுகள்கூட அவர் இருக்கவில்லை. உடல் தளர்ந்து, சுகம் தேடித் தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குப் போனவர், 1855 ஜனவரியில் வைன்பேர்க் என்ற இடத்தில் இறந்தார். வயது 61. கப்பலேறியதிலிருந்து 35 ஆண்டுகளுக்கு மேல்.

மூடியிருந்த கதவு

பிள்ளைகள் தகப்பனாரின் வேலையைத் தொடர்ந்தனர். ஹென்றியும் சகோதரர்களும் 1853இல் ஆற்காடு மிஷனை அமைத்தனர். சைலஸ் 1866இல் இராணிப்பேட்டையில் வைத்தியசாலை தொடங்கினார். சாவகச்சேரியில் பிறந்த இளைய ஜோனும் வைத்தியராகி அங்கு பணியாற்றினார். அவருடைய மகள் ஐடா 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்தார்.

ஐடாவும் பிரிவை அனுபவித்தவர். சிறுமியாயிருந்தபோது பெற்றோர் அவரை அமெரிக்காவில், சிக்காகோவில் குருவாயிருந்த பெரியப்பா ஹென்றியின் வீட்டில் விட்டுவிட்டு இந்தியா திரும்பினர். பதினொரு வயதில் அனுப்பப்பட்ட பிள்ளையின் வீட்டில், அடுத்த தலைமுறையில் அனுப்பப்பட்ட பிள்ளை வளர்ந்தது. மிஷனரியாக மட்டும் ஆகமாட்டேன் என்று ஐடா உறுதியாயிருந்ததில் வியப்பில்லை. 1890இல் தாயாரின் சுகவீனத்தைக் கேட்டு, பார்த்துவிட்டுத் திரும்பும் எண்ணத்தோடு திண்டிவனம் வந்தார்.

ஓர் இரவு அந்த வீட்டுக் கதவைத் தட்டி மூவர் வந்தனர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், ஒருவர் உயர்குடி இந்து. மூவரின் இளம் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தனர். ஐடா வந்து உதவ வேண்டும் என்று மூவரும் கேட்டனர். தமக்கு வைத்தியம் தெரியாது, தகப்பனார் வைத்தியர், அவர் வருவார் என்றார் ஐடா. அந்நிய ஆடவர் தம் வீட்டுப் பெண்களைப் பார்க்க மூவரும் இணங்கவில்லை. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தனர்.

இளைய ஜோன் அனுபவம் மிக்க வைத்தியர். பிள்ளை குறுக்கே கிடந்தாலும் இரத்தம் நில்லாமல் பெருகினாலும் அவரால் ஏதாவது முயன்றிருக்க முடியும். அவருக்கும் அந்தப் பெண்களுக்கும் இடையில் இருந்தது ஒரு கதவுதான். எழுபது ஆண்டுகளாக இரண்டு தலைமுறை ஸ்கடர் வைத்தியர்கள் அந்தக் கதவின் வெளியில் நின்றிருந்தார்கள். அதைத் திறக்க ஒரு பெண் வேண்டியிருந்தது.

ஐடா அமெரிக்கா திரும்பி வைத்தியம் படித்தார். பிலடெல்பியாவிலிருந்த பெண்கள் வைத்தியக் கல்லூரியில் தொடங்கி, கோர்னெல் வைத்தியக் கல்லூரி பெண்களைச் சேர்த்ததும் அங்கு மாறி, 1899இல் பட்டம் பெற்றார். 1900 தொடக்கத்தில் வேலூர் வந்தார். மகளுக்குத் தொழில் பழக்க வேண்டிய தகப்பனார் அவ்வாண்டிலேயே சில மாதங்களில் இறந்துபோனார். தனியாக நின்ற இளம் பெண்ணை நம்பி முதலில் எவரும் வரவில்லை. பிறகு வந்தார்கள். 1902இல் பெண்களுக்கான வைத்தியசாலை, 1909இல் தாதியர் பாடசாலை, 1918இல் பெண்களுக்கான வைத்தியப் பாடசாலை என வளர்ந்து, அதுவே வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியாயிற்று. இங்கே கைவிட்ட நோயாளியை 'வேலூருக்குக் கொண்டுபோய்ப் பாப்பம்' என்று சொல்லாத யாழ்ப்பாணக் குடும்பம் குறைவு. அந்த வேலூரை உருவாக்கியவரின் தகப்பன் சாவகச்சேரியில் பிறந்தவர் என்பது போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

யாழ்ப்பாணத்திலும் இதே காலத்தில் இதே தேவை உணரப்பட்டது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த லீச் சகோதரிகள் வெளிநாடுகளில் நிதி திரட்ட, 1898இல் இணுவிலில் மக்லியோட் பெண்கள், சிறுவர் வைத்தியசாலை திறக்கப்பட்டது. எம் பாட்டிமார், தாய்மார் பலர் பிறந்த ஆஸ்பத்திரி அது. 1890களிலேயே கொழும்பு வைத்தியக் கல்லூரியும் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியது. பெண்கள் வைத்தியம் படிக்க, முதலில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டும். ஆகவே கப்பலில் வந்த இரண்டு ஹரியற்றுகளின் வேலையும் இங்கே ஒன்றுசேர்கிறது.

எமக்கு உள்ள கடமை

ஸ்கடர் குடும்பத்தின் நான்கு தலைமுறைகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இந்தியாவிலும் இலங்கையிலும் பணிசெய்தனர். அதன் தொடக்கம் பண்டத்தரிப்பு. எங்கள் ஊரில் தொடங்கிய ஒரு கதை, கடலைச் சுற்றி வந்து, எங்கள் பெண்களுக்கே பயனாக முடிந்திருக்கிறது.

முடிந்துவிட்டதா என்றால், இல்லை. இன்று இலங்கை தென்னாசியாவில் தாய்மரணம் மிகக் குறைந்த நாடுகளில் ஒன்று. வீடு தேடிவரும் குடும்பநல உத்தியோகத்தர், கிளினிக், வைத்தியசாலைப் பிரசவம் ஆகியவை தந்த பலன் இது. பிரசவத்துக்காகக் கதவு திறந்துவிட்டது. வேறு நோய்களுக்கு இன்னும் பாதிதான் திறந்திருக்கிறது. 'லேடி டொக்டர் நிக்கிறாவோ?' என்று விறாந்தையில் நின்று மெதுவாகக் கேட்டு, இல்லை என்றதும் திரும்பிப் போகும் அம்மாமாரை நாம் ஒவ்வொரு கிழமையும் காண்கிறோம். மார்பில் கட்டியோடு ஒன்றரை வருடம் ஒருவருக்கும் சொல்லாமல் இருந்துவிட்டு, புண்ணானபின் வருகிறவர்கள் இருக்கிறார்கள். படித்தவர்களும் இதில் உண்டு. எம் பாடசாலையில் படித்தவர்களும் உண்டு.

சுகவனிதையர் கிளினிக் எம் ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவிலும் இலவசமாக நடக்கிறது. 35 வயதிலும் 45 வயதிலும் பெண்கள் அங்கு அழைக்கப்படுகிறார்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பரிசோதனை, மார்புப் பரிசோதனை, இரத்த அழுத்தம், சீனி ஆகியவற்றை அங்கே பார்க்கலாம். இம்மலரை வாசிக்கும் அக்காமார், தங்கைமார் தாமும் போய், அயலில் இருக்கும் இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். நூற்றாண்டுச் சங்கம் ஒன்று ஊருக்குச் செய்யக்கூடிய சிறிய, ஆனால் உயிர்காக்கும் தொண்டு அது.

இப்போது படிக்கும் மாணவிகளுக்கும் ஒரு சொல். வைத்தியராக வர விரும்புபவர்கள் தாராளமாக வாருங்கள். பெண் வைத்தியர்கள் எமக்கு இன்னும் வேண்டும். ஆனால் தொழிலுக்காக வீட்டாரிடமிருந்து எதை எடுக்கிறீர்கள் என்பதை அவர்களிடம் கேட்டபின் எடுங்கள். ஜோன் ஸ்கடரைப் போல் உழைக்க வேண்டும்; அவருடைய பிள்ளைகள் அழுததையும் நினைவில் வைக்க வேண்டும். பண்டத்தரிப்புப் பக்கம் போகும்போது, அங்கே நின்ற வைத்தியரோடு, அவருக்குப் பக்கத்தில் நின்ற ஹரியற் அம்மையாரையும் ஒருகணம் நினைத்துக்கொள்ளுங்கள். எமது சங்கம் இன்னும் பல நூற்றாண்டுகள் தொண்டாற்ற வாழ்த்துகிறோம்.